வயதான நாய், பூனையோடு வெளிநாடு போவது எப்படி?

வேலை கிடைத்து வெளிநாடு கிளம்புகிறவர்கள், வீட்டில் கூடவே வளர்ந்த நாயையும் கூட்டிப்போவது என்று முடிவானதும் முதலில் டிக்கெட்டைத்தான் தேடுகிறார்கள். டிக்கெட் கடைசியில் பார்க்கலாம். ஏழெட்டு மாதம் கையில் இருக்கும்போதே இந்த வரிசையில் தொடங்குங்கள்.

1. உடம்பு தாங்குமா?

சிறுநீரகம், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாம் பார்த்துவிடுங்கள். "கூண்டுக்குள் இத்தனை மணி நேரம் இது தாங்குமா?" என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். அவர் தயங்கினால் நீங்களும் யோசிக்க வேண்டும். கண் மங்கிய நாய்கூடப் பழகிய வீட்டில் சுவரோரமாகவே நடந்து தண்ணீர்க் கிண்ணத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிடும். புது வீட்டில் அதெல்லாம் முதலிலிருந்து. அம்மா அப்பா மனதாரப் பார்த்துக்கொள்வார்கள் என்றால், அவர்களிடம் விட்டுவிட்டுப் போவதும் பாசம்தான். குற்ற உணர்ச்சி வேண்டாம்.

2. முதலில் சிப், அப்புறம் ஊசி

வயதான பிராணிகள் விஷயத்தில் பலர் சிக்குவது இங்கேதான். வருஷம் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருப்பீர்கள், ஆனால் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் உள்ள சின்னச் சில்லு) இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சிப் வைப்பதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. 15 இலக்க எண்ணுள்ள ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அளவுக்கு உட்பட்ட) சிப் வைத்த பிறகு மறுபடி போட வேண்டும். பல நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு, ஊசி போட்டு 30 நாளாவது கழித்து பிராணியின் ரத்தம் எடுத்து, வெறிநோய் எதிர்ப்பு சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 ஐயு-வாவது (ஐயு என்பது அதை அளக்கும் சர்வதேச அலகு) இருப்பதாகக் காட்ட வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருப்பு. ஜப்பானுக்கு அதுவே 180 நாள். போகும் நாட்டின் அரசுத் தளத்தில் விதியை நீங்களே படித்துவிடுங்கள்.

3. கூண்டு

மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டுங்கள். அதுதான் கூண்டின் நீளம். அகலம், தோள் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு. நிமிர்ந்து நின்றால் தலையோ காதோ இடிக்கக் கூடாது.

கூண்டைச் சீக்கிரமே வாங்கி, கதவைத் திறந்து கூடத்தில் போட்டுவையுங்கள். சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். பிடித்து உள்ளே தள்ளாதீர்கள்; தானாகப் போய்த் தூங்கும் வரை பொறுமை வேண்டும். மூட்டுவலி உள்ளதற்கு வழுக்காத கெட்டி விரிப்பு அவசியம்.

4. பயண நாள்

மயக்க மருந்து, தூக்க மருந்து கொடுக்காதீர்கள். ரத்த அழுத்தமும் மூச்சும் குறைந்தால் நடுவானில் யாரும் கவனிக்க முடியாது. முடிந்தவரை நேரடி விமானம் பாருங்கள். பக் நாய், பாரசீகப் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களைப் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை. வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரைகளை, மருந்தின் மூலப் பெயர் (கம்பெனி வைத்த பெயர் அல்ல) எழுதிய சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

5. போய்ச் சேர்ந்ததும்

பழைய போர்வையைத் துவைக்காமல் விரியுங்கள். கொஞ்ச நாளைக்கு அதே உணவு. தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். பூனை இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தால் ஈரல் கெட ஆரம்பிக்கலாம். பழகிவிடும் என்று காத்திராமல் முதல் நாளே டாக்டரிடம் காட்டுங்கள்.