தண்டல் வாங்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒன்பது வருஷமாகத் தள்ளுவண்டியில் இட்லிக்கடை போடுகிறேன். தண்டல், அதாவது நாள்தோறும் கொஞ்சமாகக் கட்டித் தீர்க்கும் கடன், வாங்காத வண்டி எங்கள் வரிசையில் ஒன்றுகூட இல்லை. நானும் வாங்கியவள்தான், அதனால் வாங்கவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்கும் முன் ஒரு கணக்கு மட்டும் போட்டுவிடுங்கள்.

பத்தாயிரம் தண்டல் என்றால் கைக்கு வருவது 8,500. மிச்சம் 1,500 முதலிலேயே பிடித்தம். அப்புறம் நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். "நூற்றுக்குப் பதினைந்துதானேக்கா" என்பார் தண்டல்காரர். அங்கேதான் ஏமாறுகிறோம். வாங்கிய மறுநாளே திருப்பிக் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறோம், ஐம்பதாம் நாள் பாதிக்கு மேல் அவரிடமே போயிருக்கும். சராசரியாக நம் கையில் நிற்பது நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு நூறே நாளில் 1,500 வட்டி. வருஷத்துக்குப் பார்த்தால் சுமார் 120 சதவீதம், அதாவது மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய், பத்து வட்டி. பத்து வட்டி என்று சொல்லிக் கொடுத்தால் நாம் வாங்கவே மாட்டோம்.

அடுத்து, இந்தப் பணம் நாளைக்கே சம்பாதிக்குமா என்று பாருங்கள். ஒருமுறை கிரைண்டர் மோட்டார் எரிந்துவிட்டது. கடை மூடினால் நாளுக்கு 600 ரூபாய் லாபம் போகும். தண்டல் வாங்கிப் பழைய கிரைண்டர் ஒன்றைப் பிடித்தேன். வட்டி 1,500 மூன்றே நாளில் வந்துவிட்டது. அது சரியான கடன்.

மகள் பள்ளிக்கூட ஃபீஸுக்கு வாங்கியதுதான் தப்பு. ஃபீஸ் கட்டினால் மறுநாள் 100 ரூபாய் வராதே. அரிசி, உளுந்து வாங்கும் காசிலிருந்து எடுத்துக் கட்டினேன். மாவு குறைந்தது, வியாபாரமும் குறைந்தது. அறுபதாம் நாள் தண்டல்காரர், "பாக்கியைக் கழிச்சுட்டுப் புதுசா பத்து தரட்டுமா?" என்றார். தினம் கட்டியதைக் குறிக்கும் தண்டல் அட்டையைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். புதுப் பிடித்தம் 1,500, பழைய பாக்கி 4,000 போகக் கைக்கு 4,500. கட்ட வேண்டியது மறுபடி முழுசாகப் பத்தாயிரம். 100 நாளுக்குப் பிடித்த பழைய வட்டி 60 நாளிலேயே தீர்ந்துபோகிறது, அந்த 4,000க்கும் இன்னொரு முறை வட்டி. வேண்டாம் என்றுவிட்டேன். கடனை அடைக்கக் கடன் வாங்காதீர்கள், அதே ஆள் சிரித்துக்கொண்டே கொடுத்தாலும்.

செல்போன் ஆப் கடன் இதைவிட மோசம். என் தம்பிக்கு 5,000 என்று சொல்லிக் கையில் கொடுத்தது 3,500. ஏழே நாளில் முழுசாக 5,000 கட்டச் சொன்னார்கள். ஒரு வாரத்துக்கு நூற்றுக்கு 43 ரூபாய் வட்டி! தாமதமானதும் போனில் இருந்த அத்தனை பேருக்கும் அவன் போட்டோவை அனுப்பினார்கள். ஆப் உங்கள் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது, வருஷ வட்டியை முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. காட்டாத ஆப்பைத் தொடவே வேண்டாம். மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். நேரம் போகப்போக ஏறும் மீட்டர் வட்டிக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றால் போலீசுக்குப் போங்கள், 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது.

குண்டுமணித் தங்கம் இருந்தாலும் முதலில் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வையுங்கள். வருஷத்துக்குப் பத்து சதவீதம் என்றே வைத்தாலும் பத்தாயிரத்துக்கு 100 நாள் வட்டி 275 ரூபாய்கூட வராது. என்னைப்போல் தெருக்கடை வைத்திருந்தால் மாநகராட்சியில் பி.எம். ஸ்வநிதி என்ற மத்திய அரசுத் திட்டத்தில் கடன் கேளுங்கள். முதல் கடன் 15,000 வரை தருகிறார்கள், தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உண்டு. கைக்கு வர நாளாகும், அவசரத்துக்கு ஆகாது. அதனால் அவசரம் வருவதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஃபீஸ் தண்டல் முடிந்த மறுநாளும் பழக்கத்தில் கல்லாவிலிருந்து 100 ரூபாயை எடுத்துவிட்டேன். வாங்க ஆள் வரவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டேன். எண்பத்தைந்தாம் நாள் பாட்டிலில் 8,500 இருந்தது. இப்போது கிரைண்டர் எரிந்தால் அந்தப் பாட்டிலிலிருந்துதான் எடுக்கிறேன், நாள் 100 வீதம் அதிலேயே திருப்பிப் போட்டுவிடுகிறேன்.