தினமும் பத்து நிமிடத் தியானம்: மூச்சை எண்ணிப் பழகும் முறை

முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும், அடுத்த வாரம் ஏழு, பிறகு பத்து. எடுத்த எடுப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் நான்காம் நாளே மனம் சாக்குத் தேடும். காலையில் பல் துலக்கியதும் உட்காருங்கள். மணி ஆறா ஏழா என்பதைவிட, எந்த வேலை முடிந்ததும் உட்காருகிறோம் என்பதுதான் பழக்கத்தை நிற்க வைக்கும்.

சப்பணமிட்டு உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும். போர்வையை 10–15 செ.மீ. உயரத்துக்கு மடித்து, அதன் முன்பாதியில் மட்டும் உட்காருங்கள். இந்த உயரம் இல்லையென்றால் முதுகு கூன் விழுந்து கீழிடுப்பு வலிக்கும். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால். தாராளமாக மாற்றிப் போடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நாற்காலியே மேல்.

மொபைலில் டைமர் வைத்து, ஏரோபிளேன் மோடில் போட்டு, கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். தியான ஆப் எதையும் ஆரம்பத்தில் பரிந்துரைக்க மாட்டேன். யாரோ பேசிக்கொண்டே இருப்பதைக் கேட்டுப் பழகினால், அந்தக் குரல் இல்லாமல் உட்கார வராது.

இனி எண்ணிக்கை. ஒவ்வொரு முறை மூச்சு வெளியே போய் முடியும்போதும் மனதுக்குள் ஓர் எண். ஒன்றிலிருந்து பத்து வரை, பிறகு மறுபடி ஒன்று. நடுவில் எண் தவறினால் ஒன்றிலிருந்தே தொடங்குங்கள்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான்: மூச்சைக் கவனிக்கத் தொடங்கியதுமே அதை நாமே இழுத்துவிட ஆரம்பித்துவிடுகிறோம். மூச்சு தானாகவும் நடக்கும், நாம் நினைத்தாலும் நடக்கும். கவனம் போனதும் இரண்டாவது வகைக்கு மாறிவிடுகிறது. ஆழமாகவும் வேகமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி குறுகுறுக்கும். தியானம் 'வேலை செய்கிறது' என்று சிலர் இதைத்தான் நம்பிக்கொள்கிறார்கள்! வெளிமூச்சு முடிந்ததும் வரும் சின்ன இடைவெளியில் ஒன்றும் செய்யாமல் இருங்கள். அடுத்த மூச்சு தானே உள்ளே வரும். மூச்சு உள்ளே வரும்போது எண்ணைச் சொன்னால் எண் மூச்சை இழுக்கும். அதனால்தான் வெளிமூச்சின் முடிவில் எண்ணச் சொன்னேன். அப்படியும் பிடி விடவில்லையா? மூக்கில் மூச்சைக் கவனிப்பதை விட்டுவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். மூக்கடைப்பு இருக்கும் நாளுக்கும் இதுவே வழி.

எண் பதினான்கு, பதினைந்து என்று போயிருந்தால் வாய்ப்பாடு மட்டும் ஓடியிருக்கிறது, கவனம் வேறெங்கோ போயிருக்கிறது என்று பொருள். பத்தோடு நிறுத்தச் சொல்வது இதைக் கண்டுபிடிக்கத்தான். கண்டுகொண்ட கணமே அன்றைய பயிற்சி. நூறு முறை நடந்தாலும் தோல்வி இல்லை.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து, மூன்று நான்கு அடி தள்ளித் தரையைப் பாருங்கள். சாப்பிட்ட கையோடும் படுக்கையிலும் வேண்டாம்.

பின்சேர்க்கை: சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு படபடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படும் உணர்வையோ சுற்றிலும் கேட்கும் சத்தங்களையோ கவனித்தால் போதும். அதிலும் படபடப்பு தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.