உயிலுக்குச் சாட்சி யார்? இதை முதலில் முடிவு செய்யுங்கள்

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. பலர் கோட்டைவிடுவது சாட்சி விஷயத்தில்தான்.

எழுதுபவர் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகளும் நேரில் பார்த்து, அவர் கண்ணெதிரிலேயே தாங்களும் கையெழுத்திட வேண்டும். உயிலை அவர்கள் படிக்கத் தேவையில்லை. பின்னாளில் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க இவர்களில் ஒருவராவது கூண்டேற வேண்டியிருக்கும். அதனால் பால்ய சிநேகிதர் வேண்டாம். உயில் எழுதியவருக்கு முன்பே அவர் போய்விட்டால் சிக்கல். வயதில் இளைய, உள்ளூரிலேயே இருக்கும் ஆட்களாகப் பாருங்கள். சொத்து பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். கிறிஸ்தவர் உயில் என்றால், 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 67-வது பிரிவின்படி சாட்சிக்கோ அவர் மனைவி அல்லது கணவருக்கோ எழுதியது செல்லாது. இந்துக்களின் உயிலில் அப்படி இல்லை, ஆனால் எதிராளி வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர், அதாவது நிறைவேற்றுநர் பெயரையும் எழுதுங்கள். உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்றான புரொபேட் அவருக்கு மட்டுமே கிடைக்கும். பெயர் இல்லையென்றால், உயிலை இணைத்து, சொத்தை நிர்வகிக்கக் கோர்ட் அதிகாரம் தரும் 'லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்' கேட்டுத்தான் மனுப் போட வேண்டும்.

கையெழுத்தான பிறகு சர்வே எண்ணை அடித்துத் திருத்தினால், பக்கத்து ஓரத்தில் எழுதியவரும் இரு சாட்சிகளும் மறுபடி கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் திருத்தம் எடுபடாது.