பால்புதுமையினரைப் படத்தில் காட்டும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் குறும்படம் எடுக்கிற தம்பிமார் சிலர் அவ்வப்போது கதை காட்ட வருவார்கள். திருநங்கையோ தன்பாலீர்ப்பாளரோ வருகிற கதை என்றால் அதே பிழைகள்தான் திரும்பத் திரும்ப.

முதலாவது, பாத்திரம் ஒன்றை வைத்தாலே பார்ப்பவர் மனம் மாறிவிடும் என்று நம்புவது. எட்வர்ட் ஷியாப்பாவும் உடன் ஆய்வாளர்களும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில் 245 பல்கலைக்கழக மாணவர்களிடம் தன்பாலீர்ப்பாளர் முக்கிய பாத்திரங்களாக வரும் ‘வில் அன்ட் கிரேஸ்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றிக் கேட்டார்கள். அதை அடிக்கடி பார்த்து, பாத்திரங்களோடு ஒட்டிக்கொண்டவர்களிடம் தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பு குறைவாக இருந்தது. நேரில் அப்படி யாரோடும் அதிகம் பழகாதவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நம் ஊரில் ‘எனக்கு அப்படி ஒருத்தரையும் தெரியாது’ என்பவர்கள் கனபேர். (தெரிந்திருக்கும். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் தன்பாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கிற நாட்டில் யார் வாய் திறப்பார்?) அவர்களுக்குத் திரைதான் முதல் அறிமுகம். ஆனால் ஏற்கெனவே வெறுப்பு இல்லாதவர்களே அந்தத் தொடரை விரும்பிப் பார்த்திருக்கவும் கூடும். ஆகவே ‘படம் காட்டினால் சனம் திருந்தும்’ என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

அடுத்தது பகிடி. ‘சும்மா சிரிப்புக்குத்தானே அண்ணை’ என்பார்கள். சரி, யாரைப் பார்த்துச் சிரிப்பு? 2015 இல் திருநங்கைப் பாத்திரத்தைக் கேலி செய்த ‘ஐ’ படம் வந்தபோது சென்னையில் திருநங்கைகள் தெருவில் இறங்கியது அந்தக் கேள்வியோடுதான். ‘வில் அன்ட் கிரேஸ்’ முழுக்கப் பகிடிதான். ஆனால் பகிடி விடுவதே அந்தப் பாத்திரங்கள். கேலி செய்கிறவன் பக்கத்தில் பார்ப்பவரை உட்கார வைத்தால், அவர் அங்கேயே இருந்துவிடுவார்.

இன்னொன்று, கடைசியில் சாகடிப்பது. கண்ணீர் விட்டவரே அடுத்த கிழமை ஒரு திருநங்கை வாடகைக்கு அறை கேட்டால் இல்லை என்பார்.

மொழியும் இருக்கிறது. 2020 இல் வந்த, தன்பாலீர்ப்புள்ள இலங்கைத் தமிழ்ப் பையனின் கதையான ‘ஃபன்னி போய்’ படத்தின் தமிழைக் கேட்டு நம்மவர்கள் முகம் சுளித்தது நினைவிருக்கலாம். யாழ்ப்பாணத்துத் திருநங்கை வாயில் சென்னைத் தமிழை வைத்தால், ‘உது இந்தியாவில நடக்கிறது’ என்று சனம் தள்ளிவிடும்.

அண்மையில் வந்த ஒரு கதையில் திருநங்கை ஒருத்தி சின்னக்கடையில் மீன்காரரோடு விலை பேசுகிறாள், விளைமீனைச் செவுள் தூக்கிப் பார்க்கிறாள், வாங்காமல் போகிறாள். ‘கதைக்குத் தேவையில்லை, வெட்டவோ?’ என்று தம்பி கேட்டார். அதை மட்டும் வெட்டாதையும் என்றேன்.