மழை பார்க்கப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், மேற்குக் கரைப் பக்கம் இருக்கும் பத்தாங் பெர்சுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) எங்கள் வெள்ளக் கண்காணிப்புக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், நாங்கள் பழகிய காலத்துப் பிழைகளையே புலனத்தில் (வாட்ஸ்அப்) திரும்பவும் செய்கிறார்கள். பழைய வெள்ளப் படத்தைப் பகிர்வதெல்லாம் தானாகத் திருந்திவிடும். திருந்தாதவை இவை.

"அது கிளந்தான் மழை"

பெருமழை என்றால் கிழக்குக் கரை மாநிலமான கிளந்தானுக்குத்தான், நமக்கில்லை என்பார்கள். இதைக் கேட்டாலே எனக்கு இன்றும் கோபம் வரும். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் ஈரத்தை, தீபகற்பத்தின் நடுவே நீளும் தித்திவாங்சா மலையின் கிழக்குச் சரிவில் கொட்டிவிடும். மேற்கே நம் பக்கம் இறங்கும் காற்று காய்ந்திருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் உண்மை. அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை.

2021 டிசம்பரில் தோட்ட லயத்து அக்கா ஒருவரிடம், "ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் இருக்கும் மகனிடம் காரை மேட்டில் நிறுத்தச் சொல்லுங்கள்" என்றேன். "அதெல்லாம் கிழக்குக் கரைக்கு தம்பி, நமக்குத்தான் மலை இருக்கே" என்றார். கார் முழுகியது. தவணை மட்டும் மிதந்துகொண்டிருந்தது பல மாதம்.

அப்போது வந்தது வெறும் பருவக்காற்று இல்லை. கிழக்குக் கரையில் ஏறி வந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அது லா நினா ஆண்டும்கூட; பசிபிக் கடலின் நடுப்பகுதி குளிர்ந்து நம் பக்கம் மழை கூடும் ஆண்டு. நம் அட்சரேகையில் இப்படிச் சுழலும் மண்டலத்தின் தெற்குப் பக்கத்தில் காற்று மேற்கிலிருந்து வீசும். மலாக்கா நீரிணையின் ஈரம் உள்ளே வரும். நம்மைக் காக்கும் அதே மலை அந்த ஈரத்தை மேலே தூக்கி நம் பக்கமே கொட்ட வைக்கும். டிசம்பர் 18-இல் கோலாலம்பூர் செந்தூலில் ஒரே நாளில் 363 மில்லிமீட்டர்.

வானிலைத் துறை அறிக்கையில் 'தாழ்வு மண்டலம்' என்று கண்டால், எந்தக் கரைக்கு எச்சரிக்கை என்று பார்த்து நிறுத்தாதீர்கள். அது நகரும் பாதையைப் பாருங்கள். நிலநடுக்கோட்டருகே புயல் வராது என்பவர்களுக்கு: 2001 டிசம்பரில் 'வாமெய்' ஜொகூரிலேயே கரையேறியது.

"80 மில்லி பெய்தது"

ஒரு மணி நேரத்திலா, ஒரு நாளிலா? அதைச் சொல்லாமல் அளவு அனுப்பாதீர்கள்.

நம் வானத்தை மட்டும் பார்ப்பது

சிலாங்கூர் ஆறு கோல குபு பாரு மலைப்பக்கமிருந்து வருகிறது. இங்கே வெயிலடிக்கும்போதும் ஆறு ஏறலாம். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் நீர்மட்டப் பக்கத்தில் மேலேயுள்ள நிலையங்களை முதலில் பாருங்கள்.

கடலை மறப்பது

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கோல சிலாங்கூர் முகத்துவாரத்தில் ஆற்றுநீர் வடிய வழியிருக்காது. கரையோர மடைகளையும் மூடியிருப்பார்கள். லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் நிற்கும். கனமழை எச்சரிக்கையை அனுப்பும்போது அன்றைய கடலேற்ற நேரத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.