விண்டோஸ், மேக், லினக்ஸ் கலந்த அலுவலகத்தில் பேக்கப்: சர்வரே போய் எடுக்கட்டும்

கணக்குக்கு விண்டோஸ், டிசைனுக்கு மேக், வெப்சைட் வேலைக்கு உபுண்டு என்ற லினக்ஸ். சிறிய அலுவலகங்கள் பல இப்படிக் கலந்துதான் இருக்கின்றன. பேக்கப் என்றதும் சர்வரில் ஒரு ஷேர் (நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டர்) திறந்து, அதை எல்லாக் கணினியிலும் டிரைவாக மேப் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒரு கணினியில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்தால், எழுத அனுமதி உள்ள எல்லா டிரைவையும் அது பூட்டும். பேக்கப்பும் சேர்ந்து போய்விடும். கணினிகள் எதையும் அனுப்ப வேண்டாம். சர்வர்தான் ஒவ்வொன்றிடமும் போய் எடுத்து வரவேண்டும்.

சர்வருக்குப் பழைய டெஸ்க்டாப் போதும். உபுண்டு போட்டு, 4 டிபி டிஸ்க் ஒன்றை லினக்ஸின் வழக்கமான வடிவமான எக்ஸ்ட்4 ஆக ஃபார்மேட் செய்யுங்கள். ரூட்டரில் ஒவ்வொரு கணினிக்கும் மாறாத ஐபி ஒதுக்குங்கள். அடுத்து கேபிளைப் பாருங்கள். கிகாபிட் லைனில் நொடிக்குச் சுமார் 110 எம்பி வரும். 500 ஜிபி ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும். அதற்கு நான்கு ஜோடிக் கம்பியும் நன்றாக இருக்க வேண்டும். நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்தால் இணைப்பு பெரும்பாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இன்டர்நெட் வழக்கம்போல் ஓடுவதால் யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அதே 500 ஜிபிக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். சர்வரில் இணைப்பு வேகத்தைச் சொல்லும் ஈத்டூல் கட்டளை 1000 என்று காட்டுகிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

விண்டோஸில் பேக்கப்புக்கென்று தனி யூசர் உருவாக்கி, வேலை ஃபோல்டரை அவருக்கு வாசிக்கும் அனுமதி மட்டும் கொடுத்து ஷேர் செய்யுங்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வால் மறிக்கும், 'பிரைவேட்' ஆக்குங்கள். சர்வரில் அந்த ஷேரை ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து (வாசிக்க மட்டும் இணைத்து), மாறிய ஃபைல்களை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் என்ற கருவி மூலம் எடுக்கலாம். மேக்கில், சர்வர் எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியே நுழைய உதவும் ரிமோட் லாகினை இயக்கும்போது, வெளியிலிருந்து வருபவருக்கு ஃபுல் டிஸ்க் அக்சஸ் தரும் தேர்வையும் டிக் செய்யுங்கள். அதை விட்டுவிட்டால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அனுமதி இல்லை என்ற பிழையோடு விடுபடும். லினக்ஸுக்கு எஸ்எஸ்எச் சாவி ஒன்று போதும்.

தினமும் தேதியிட்ட புதிய ஃபோல்டருக்கு எடுங்கள். ஆர்சிங்கின் லிங்க்-டெஸ்ட் ஆப்ஷனில் நேற்றைய ஃபோல்டரின் முழுப் பாதையைக் கொடுத்தால், மாறாத ஃபைல்கள் ஹார்டு லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) ஆகிவிடும், இடம் பிடிக்காது. 300 ஜிபி தரவில் தினம் 2 ஜிபி மாறினால் ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 360 ஜிபி போதும். ஆனால் அவுட்லுக் மெயில்களைச் சேர்த்து வைக்கும் 20 ஜிபி பிஎஸ்டி ஃபைலில் ஒரே ஒரு மெயில் கூடினாலும் முழு ஃபைலும் மறுபடி எழுதப்படும். முப்பது நாளில் 600 ஜிபி. அதை வாரம் ஒருமுறை தனியாக எடுங்கள், அதுவும் அவுட்லுக்கை மூடிய பிறகு. திறந்திருந்தால் ஃபைல் பூட்டியிருக்கும். டேலி போன்ற கணக்கு மென்பொருளில் அதன் சொந்த பேக்கப்பை ஓடவிட்டு, அந்த ஃபைலை எடுப்பதே பாதுகாப்பு.

தினமும் இதை ஓட்டும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே, ஷேரும் டிஸ்க்கும் மவுண்ட் ஆகியிருக்கின்றனவா என்று சோதியுங்கள். ஷேர் வரவில்லை என்றால் காலி ஃபோல்டர்தான் அன்றைய பேக்கப். டிஸ்க் வரவில்லை என்றால் எல்லாம் சிஸ்டம் டிஸ்க்கில் கொட்டி அதை நிரப்பிவிடும். ஆர்சிங்க் 24 என்ற எண்ணோடு முடிந்தால், நகலெடுக்கும் நேரத்தில் யாரோ ஃபைலை நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள், பெரிதில்லை. 23 என்றால் சில ஃபைல்கள் வரவில்லை. லாகைப் படித்தே ஆக வேண்டும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'போனஸ்' என்ற பெயரில் உள்ள ஓகாரக் குறியை விண்டோஸ் ஒரே குறியீடாக எழுதும். மேக்கின் பழைய வடிவமான எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க் அதை இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். ஒரே ஃபைல் இரண்டாகத் தெரியும், தேடினால் ஒன்றுதான் அகப்படும். பெயர்களின் குறியீட்டை மாற்றும் ஆர்சிங்கின் ஐகான்வ் ஆப்ஷனில் சர்வருக்கு யூடிஎஃப்-8, மேக்குக்கு யூடிஎஃப்-8-மேக் என்று அந்த வரிசையிலேயே கொடுங்கள். இரு பக்கமும் ஆர்சிங்க் 3 வேண்டும். பல ஆண்டுகள் மேக்கோடு வந்தது பழைய 2.6.9 என்பதால் மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூவில் புதியதை நிறுவுங்கள்.

நீளமும் சிக்கல்தான். எக்ஸ்ட்4 ஒரு பெயருக்கு 255 பைட் தரும். தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'கணக்கு' என்ற நாலெழுத்துச் சொல்லே 18 பைட். எனவே விண்டோஸ் ஏற்கும் நீண்ட பெயர் சர்வருக்கு வராது. முப்பது எழுத்துக்குள் நிறுத்தினால் தொல்லை இல்லை.

சர்வரோடு நிற்காமல், வாரம் ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்கிலும் நகலெடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள். அதையும் எக்ஸ்ட்4 ஆகவே ஃபார்மேட் செய்து, ஹார்டு லிங்க்கைக் காக்கும் பெரிய எச் ஆப்ஷனோடு எடுங்கள். யூஎஸ்பி டிஸ்க்குகளில் வழக்கமான எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஹார்டு லிங்க் கிடையாது. முப்பது நாளும் முப்பது முழு நகலாகப் பெருகும்.

மாதம் ஒருநாள், மூன்று வகைக் கணினியிலிருந்தும் ஒவ்வொரு ஃபைலைத் திரும்ப எடுத்து, அந்தந்த மென்பொருளில் திறந்து பாருங்கள். விண்டோஸ் ஃபைலின் உள்ளடக்கம்தான் திரும்பும், அதன் அனுமதிகள் திரும்பா. யாருக்கு எந்த ஃபோல்டர் என்பதை ஒரு தாளில் எழுதி சர்வரின் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.