காலிக் கட்டத்தில் பேக்ஸ்பேஸ்: ஓடிபி திரைக்கு ஒரு செய்முறை

ஓடிபி கேட்கும் திரையைப் பார்த்திருப்பீர்கள். ஆறு கட்டங்கள். ஓர் இலக்கத்தைத் தட்டியதும் கர்சர் தானாக அடுத்த கட்டத்துக்குத் தாவும். மூன்றாவது இலக்கம் 4. கை தவறி 5-ஐத் தட்டிவிட்டீர்கள். கர்சர் இப்போது நாலாவது கட்டத்தில் நிற்கிறது, அது காலி. விரல் பேக்ஸ்பேஸுக்குப் போகிறது. பின்னால் இருக்கும் 5 அழியும் என்று எதிர்பார்க்கிறீர்கள். பல ஆப்களில் ஒன்றுமே நடக்காது. காலிக் கட்டத்தில் அழிக்க ஏதுமில்லை. அழிக்க ஏதுமில்லையென்றால் டெக்ஸ்ட் மாறவில்லை. மாறாத ஒன்றைப் பற்றி ஆப்புக்குச் சேதி போவதில்லை.

இந்த ஒரு இடத்தைச் சரிசெய்வதுதான் இன்றைய வேலை. முதலில் ஐஓஎஸ், பிறகு ஆண்ட்ராய்டு, கடைசியில் ஃப்ளட்டரும் ரியாக்ட் நேட்டிவும் (இரண்டுக்கும் சேர்த்து ஆப் எழுத உதவும் கருவிகள்). கோடு (நிரல்) முழுவதையும் தராமல் அதன் நடையை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன். மெத்தடின் (ஒரு வேலையைச் செய்யும் கோடுத் துண்டின்) பெயரில் முதல் நாலு எழுத்தை அடித்தால் மிச்சத்தை எடிட்டரே நிரப்பிவிடும்.

படி 1: உங்களுக்கு என்ன வேண்டும்?

கோடைத் தொடும் முன் ஒரு கேள்வி. டெக்ஸ்ட் குறைந்தது தெரிந்தால் போதுமா, பேக்ஸ்பேஸ் அழுத்தியதே தெரிய வேண்டுமா? இரண்டும் ஒன்றல்ல. முழுவதையும் தேர்ந்தெடுத்து கட் செய்தால் டெக்ஸ்ட் குறையும், பேக்ஸ்பேஸ் கிடையாது. கீபோர்டு பரிந்துரைக்கும் சின்னச் சொல்லைத் தொட்டாலும் நீளம் குறையும். காலிக் கட்டத்தில் பேக்ஸ்பேஸ் அழுத்தினாலோ விசை உண்டு, மாற்றம் இல்லை.

தேடல் பெட்டி, எழுத்து எண்ணும் பெட்டி போன்றவற்றுக்கு மாற்றம் தெரிந்தாலே போதும். விசையைத் துரத்த வேண்டிய தேவை காலிக் கட்டத்தில்தான் வருகிறது. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: எல்லா இடத்திலும் விசையைத் துரத்திவிட்டு, தேவையான இடத்தில் கோட்டைவிடுவார்கள்.

படி 2: ஐஓஎஸில் மாற்றத்தைக் கவனித்தல்

யூஐடெக்ஸ்ட்ஃபீல்டுக்கு (ஐஓஎஸின் டெக்ஸ்ட் பெட்டிக்கு) ஒரு டெலிகேட் உண்டு, பெட்டியில் நடப்பதை நம் கோடுக்குச் சொல்லும் இடம் அது. அதில் ‘ஷுட் சேஞ்ச் கேரக்டர்ஸ் இன் ரேஞ்ச்’ என்ற மெத்தடை, டெக்ஸ்ட் மாறுவதற்குச் சற்று முன்பு சிஸ்டம் கூப்பிடும். எந்த இடம் மாறப்போகிறது என்ற ரேஞ்சும், அங்கே வரப்போகும் புதிய சரமும் கையில் கிடைக்கும். புதிய சரம் காலி, ரேஞ்சின் நீளம் பூஜ்யத்தை விடப் பெரிது என்றால் அழிப்பு நடக்கிறது.

நீளம் சரியாக 1 தானா என்று சோதிக்கும் கோடை நிறையப் பார்க்கலாம். அது தப்பு. இந்த ரேஞ்ச் யூடிஎஃப்-16 (எழுத்துகளைச் சேமிக்கும் ஒரு முறை) அலகில் கணக்கிடப்படுகிறது. கட்டைவிரல் எமோஜி ஒன்றை அழித்தாலே நீளம் 2. நம் மொழியிலேயே பாருங்கள்: ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, ஸ்விஃப்ட் மொழியின் கவுன்ட்டும் 3 என்றே சொல்லும், யூடிஎஃப்-16 கணக்கில் 5. மி-யின் இகரக் குறிக்கும் ழ்-இன் புள்ளிக்கும் தனித்தனி இடம். ஓடிபியில் வெறும் இலக்கங்கள் என்பதால் இது கடிக்காது. பெயர் எழுதும் பெட்டியில் கடிக்கும்.

இந்த மெத்தட் காலிக் கட்டத்தில் கூப்பிடப்படுவதே இல்லை. அதற்குத்தான் அடுத்த படி.

படி 3: ஐஓஎஸில் விசையைப் பிடித்தல்

யூஐடெக்ஸ்ட்ஃபீல்டை சப்கிளாஸ் செய்யுங்கள், அதாவது அதிலிருந்து நம் சொந்த வகை ஒன்றை உருவாக்குங்கள். ‘ஓடிபி கட்டம்’ என்பது போல ஏதாவது பெயர் வையுங்கள். அதில் ‘டெலீட் பேக்வர்ட்’ என்ற மெத்தடை ஓவர்ரைடு செய்ய (நம் கோடால் மாற்ற) வேண்டும். இது யூஐகீஇன்புட் புரோட்டோகாலில் உள்ளது. பேக்ஸ்பேஸ் விழும்போதெல்லாம், கட்டம் காலியாக இருந்தாலும், கூப்பிடப்படும். நடை இப்படி:

டெலீட் பேக்வர்ட்:
— கட்டம் இப்போது காலியா? விடையை ‘காலியா’ என்ற மாறியில் வை
— சூப்பரின் (மூல வகையின்) டெலீட் பேக்வர்டைக் கூப்பிடு
— ‘காலியா’ உண்மை என்றால், ‘காலியில் அழுத்தினார்’ என்ற கால்பேக்கைக் (திரை கொடுத்துவைத்த கோடுத் துண்டை) கூப்பிடு

முதல் இரண்டு வரிகளின் வரிசையை மாற்றிவிடாதீர்கள். சூப்பரை முதலில் கூப்பிட்டுவிட்டுக் காலியா என்று கேட்டால், கட்டத்தில் இருந்த ஒரே இலக்கம் அதற்குள் அழிந்திருக்கும், விடை எப்போதும் ‘ஆம்’ என்றே வரும். பயனர் ஒருமுறை அழுத்தினால் இந்தக் கட்டத்து இலக்கமும் போகும், முந்தைய கட்டத்து இலக்கமும் போகும். ஒரு அழுத்தலுக்கு இரண்டு பலி. கோடு ஒழுங்காகத்தான் தெரியும், ஆகவே பிழையைக் கண்டுபிடிக்க நேரமெடுக்கும்.

கால்பேக்கில் செய்ய வேண்டியவை: முந்தைய கட்டம் இருக்கிறதா பார்க்க வேண்டும் (முதல் கட்டத்துக்கு இராது), அதன் டெக்ஸ்டைக் காலியாக்க வேண்டும், அதை ஃபர்ஸ்ட் ரெஸ்பான்டர் ஆக்க (கர்சரை அங்கே கொண்டுபோக) வேண்டும். கர்சரை மட்டும் பின்னுக்கு நகர்த்திவிட்டு இலக்கத்தை விட்டுவைக்கும் ஆப்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பேக்ஸ்பேஸ் அழுத்தியவர் அழிக்கத்தான் அழுத்தினார். கால்பேக் குளோஷராக (பெயரில்லாக் கோடுத் துண்டாக) இருந்தால் செல்ஃபை (திரையை) வீக்காகப் பிடியுங்கள், இல்லையென்றால் திரையை மூடிய பிறகும் அது நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும்.

ஸ்டோரிபோர்டு (திரையை இழுத்துப்போட்டு வரையும் வசதி) பயன்படுத்துபவர்களுக்கு: ஆறு கட்டங்களுக்கும் ஐடென்டிட்டி இன்ஸ்பெக்டரில் கிளாஸ் பெயரை மாற்றினீர்களா? ஐந்தை மாற்றி ஒன்றை மறந்தால், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பேக்ஸ்பேஸ் ஊமையாகிவிடும்.

இணையத்தில் தேடினால் ஐஓஎஸ் 8-க்கென்று ஒரு சுற்றுவழி இன்னும் கண்ணில் படும். 8.0 முதல் 8.2 வரை இந்த மெத்தட் ஒழுங்காகக் கூப்பிடப்படாததால் வந்தது அது. இன்று தேவையில்லை, நகலெடுக்க வேண்டாம்.

படி 4: ஆண்ட்ராய்டு, அதாவது தலைவலி

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது எடிட்டெக்ஸ்டில் (ஆண்ட்ராய்டின் டெக்ஸ்ட் பெட்டி) ஒரு கீ லிசனர் (விசை அழுத்தத்தைக் கேட்கும் கோடு) போட்டேன், கீகோடு டெல் வருகிறதா பார்த்தேன், எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலிப் போனில்) ஓட்டினேன். பளிச்சென்று வேலை செய்தது. மறுநாள் வாடிக்கையாளர் தன் சொந்தப் போனை நீட்டி, “தம்பி, அழிய மாட்டேங்குதே” என்றார். அவர் கையிலிருந்து போனை வாங்கி நானும் நாலைந்து முறை அழுத்திப் பார்த்தேன். அழியத்தான் இல்லை.

காரணம் இதுதான். எமுலேட்டரில் நான் தட்டியது லேப்டாப்பின் கீபோர்டை. அது நிஜமான விசை, ஆகவே கீ ஈவென்ட் தவறாமல் வந்தது. திரையில் தெரியும் கீபோர்டு அப்படியல்ல. அது தனி ஆப். டெக்ஸ்டை எப்படி மாற்றுவது என்பது அதன் விருப்பம், கீ ஈவென்ட் அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. 2012-இல் வந்த ஜெல்லி பீனையும் அதற்குப் பிந்தியவற்றையும் குறிவைக்கும் ஆப்களுக்கு ஆண்ட்ராய்டின் இயல்புக் கீபோர்டு கீ ஈவென்டே அனுப்பாது என்று ஆண்ட்ராய்டு ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. கீகோடு டெல் (எண் 67) என்பதுதான் நாம் சொல்லும் பேக்ஸ்பேஸ், கர்சருக்கு முன்னால் உள்ளதை அழிப்பது. கணினிக் கீபோர்டில் டெலீட் என்று அச்சிட்டிருக்கும் விசைக்குப் பெயர் கீகோடு ஃபார்வர்டு டெல் (எண் 112).

சரி, தீர்வு. கீபோர்டும் எடிட்டெக்ஸ்டும் பேசிக்கொள்ளும் குழாய்க்கு இன்புட்கனெக்‌ஷன் என்று பெயர். அழிக்க வேண்டுமென்றால் பல கீபோர்டுகள் அதன் வழியாக ‘டெலீட் சரவுண்டிங் டெக்ஸ்ட்’ என்று சொல்லும்: முன்னால் 1, பின்னால் 0. அந்தக் குழாயில் காதை வைப்போம்.

எடிட்டெக்ஸ்டை சப்கிளாஸ் செய்து (ஆப்காம்பாட் வகையைப் பயன்படுத்தினால் அதன் எடிட்டெக்ஸ்டை) ‘ஆன் கிரியேட் இன்புட்கனெக்‌ஷன்’ மெத்தடை ஓவர்ரைடு செய்யுங்கள். சூப்பர் தருவதை இன்புட்கனெக்‌ஷன்ராப்பர் ஒன்றில் பொதிந்து திருப்பிக் கொடுங்கள். சூப்பர் நல் (‘ஒன்றுமில்லை’) தரவும் கூடும், அப்போது நல்லையே திருப்பிவிடுங்கள். ராப்பருக்குள்:

டெலீட் சரவுண்டிங் டெக்ஸ்ட் (முன், பின்):
— கட்டம் காலி, முன் = 1, பின் = 0 என்றால்: கீகோடு டெல்லுக்கான டவுன் ஈவென்டை அனுப்பு, அடுத்து அப் ஈவென்டை அனுப்பு
— இல்லையென்றால் சூப்பரிடம் விடு

ஏபிஐ 24-இல் (ஆண்ட்ராய்டு 7) ‘டெலீட் சரவுண்டிங் டெக்ஸ்ட் இன் கோட்பாயின்ட்ஸ்’ என்று இன்னொன்றும் சேர்ந்தது. அதற்கும் இதே வரிகள்.

இதில் என்ன லாபம்? கீபோர்டு எந்த வழியில் வந்தாலும் கடைசியில் ஒரு கீ ஈவென்டாக மாறிவிடுகிறது. புளூடூத் கீபோர்டும் அதே இடத்தில் வந்து சேரும். ஆகவே முதலில் போட்டுத் தோற்ற அந்தக் கீ லிசனரே இப்போது உதவுகிறது:

கீ லிசனர்:
— ஆக்‌ஷன் டவுன் இல்லையென்றால் ஃபால்ஸ்
— கீகோடு டெல் இல்லையென்றால் ஃபால்ஸ்
— கட்டத்தில் எழுத்து இருந்தால் ஃபால்ஸ்
— முந்தைய கட்டத்தைக் காலியாக்கு, ஃபோகஸை அங்கே கொடு, ட்ரூ

ஃபால்ஸ் என்றால் ‘நான் தொடவில்லை, நீயே பார்த்துக்கொள்’ என்று சிஸ்டத்திடம் விடுவது. முதல் வரியை விட்டுவிட்டால் அழுத்தும்போது ஒருமுறை, விடும்போது ஒருமுறை என்று லிசனர் இரண்டு தடவை வேலை செய்யும். லிசனர் டெக்ஸ்ட் மாறுவதற்கு முன்பே கூப்பிடப்படுவதால், ஐஓஎஸில் பார்த்த வரிசைச் சிக்கல் இங்கே இல்லை.

அடுத்த கட்டத்துக்குத் தாவும் வேலையை டெக்ஸ்ட்வாட்சரில் (டெக்ஸ்ட் மாறும்போது ஓடும் கோடு) வைத்திருப்பீர்கள். ஐஓஎஸில் கோடு வழியாக டெக்ஸ்டை மாற்றினால் டெலிகேட் எழுந்திருக்காது. ஆண்ட்ராய்டிலோ டெக்ஸ்ட்வாட்சர் எழுந்துவிடும். முந்தைய கட்டத்தை நீங்கள் காலியாக்கும்போது அதன் வாட்சரும் ஓடும். ஆகவே நீளம் 1 ஆக இருந்தால் மட்டும் முன்னே போ என்று எழுதுங்கள்.

கட்டத்தின் இன்புட்டைப்பை எண் என்று வைப்பதும் முக்கியம். சாதாரண டெக்ஸ்ட் பெட்டியில் கீபோர்டு நீங்கள் தட்டும் சொல்லை அடிக்கோடிட்டுக் கையில் வைத்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் ‘ஒன்றை அழி’ என்று சொல்லாது, ஓர் எழுத்து குறைந்த சொல்லை மறுபடி முழுதாக அனுப்பும். நம் ராப்பருக்கு அது தெரியவே தெரியாது. அங்கே டெக்ஸ்ட்வாட்சரில் பழைய நீளத்தையும் புதிய நீளத்தையும் ஒப்பிடுவதே வழி.

படி 5: ரியாக்ட் நேட்டிவும் ஃப்ளட்டரும்

ரியாக்ட் நேட்டிவில் வேலை சுலபம். டெக்ஸ்ட்இன்புட்டின் ‘ஆன் கீபிரஸ்’ நிகழ்வில் கீயின் மதிப்பு ‘பேக்ஸ்பேஸ்’ என்று வரும். ஆண்ட்ராய்டில் அது உள்ளுக்குள் செய்வதும் படி 4-இல் பார்த்த ராப்பர் வேலைதான். ஆண்ட்ராய்டில் திரைக் கீபோர்டு மட்டுமே இதில் சேரும், வெளிக் கீபோர்டு சேராது.

ஃப்ளட்டரில் பலரும் செய்வது ஒரு சின்ன மோசடி. ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குத் தெரியாத, அகலமில்லாத இடைவெளி ஒன்றை (யூனிகோடு 200பி) முன்கூட்டியே போட்டுவைப்பது. கட்டம் காலியாகத் தெரியும், உள்ளே ஓர் எழுத்து இருக்கும். பேக்ஸ்பேஸ் அதை அழித்ததும் ஃபார்மேட்டரில் (டெக்ஸ்ட் மாற்றத்தைச் சோதிக்கும் இடத்தில்) தெரிந்துவிடும். முந்தைய கட்டத்துக்குப் போய்விட்டு, இங்கே அதை மறுபடி நட்டுவிட வேண்டும். சர்வருக்கு அனுப்பும் முன் அதைக் களைய மறக்காதீர்கள். ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் ட்ரிம் (ஓரத்து இடைவெளியை நீக்குவது) போட்டாலும் அது போகாது. திரையில் 123456 என்று இருக்கும், சர்வர் ‘தவறான குறியீடு’ என்று சொல்லும், இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது.

படி 6: ஆறு கட்டம் வேண்டுமா?

இவ்வளவும் சொல்லிவிட்டு இதைச் சொல்வதற்குக் கோபிக்காதீர்கள். டிசைனர் ஆறு கட்டம் வரைந்தார் என்பதற்காக ஆறு ஃபீல்டு வைக்க வேண்டியதில்லை. மறைவாக ஒரே ஒரு ஃபீல்டு, அதன் மேல் ஆறு கட்டங்களை வெறும் படமாக வரைந்து, டெக்ஸ்டின் ஒவ்வோர் இலக்கத்தையும் ஒவ்வொரு கட்டத்தில் காட்டினால் போதும். பேக்ஸ்பேஸ் தன் பாட்டுக்கு வேலை செய்யும், சப்கிளாஸ் வேண்டாம், ராப்பர் வேண்டாம். ஆறு இலக்கத்தை ஒரே மூச்சில் பேஸ்ட் செய்தாலும் சரியாக உட்காரும். 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் வந்த, எஸ்எம்எஸ்ஸில் உள்ள குறியீட்டைத் தானாக நிரப்பும் வசதிக்கும் ஒரே ஃபீல்டுதான் தோது. டெக்ஸ்ட் கன்டென்ட் டைப்பை ‘ஒன் டைம் கோடு’ என்று வைத்தால் போதும்.

புதிய ஆப் என்றால் நான் இதையே செய்வேன். ஏற்கெனவே ஆறு ஃபீல்டுடன் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஆப்பைக் கையில் கொடுத்தால் படி 3, படி 4.

படி 7: சோதனை

ஐஓஎஸ் சிமுலேட்டரில் கமாண்டு, ஷிஃப்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் லேப்டாப் கீபோர்டின் இணைப்பு விலகும். திரைக் கீபோர்டை மவுஸால் தட்டிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் எமுலேட்டரை நம்பாமல் நிஜப் போனை எடுங்கள், குறைந்தது இரண்டு வெவ்வேறு கீபோர்டு ஆப்களில் பாருங்கள். காலியான நாலாவது கட்டத்தில் ஒருமுறை அழுத்தினால் மூன்றாவது மட்டும் அழிய வேண்டும். நிரம்பிய கட்டத்தில் அழுத்தினால் அது மட்டும். முதல் கட்டத்தில் அழுத்தினால் ஆப் விழக்கூடாது. பிறகு ஆறையும் நிரப்பிவிட்டு பேக்ஸ்பேஸை விடாமல் அழுத்திப் பிடியுங்கள், எந்தக் கட்டத்தில் போய் நிற்கிறது என்று பாருங்கள்.